லீவு கேட்டு ஒரு பர்த்டே பாட்டு

போன ஞாயித்துக்கிழமை அக்கா பையனுக்கு ஏழாவது பர்த்டே. அபார்ட்மெண்ட் மொட்டமாடியில சீரியல் லைட்டு, பலூன், பிளாஸ்டிக் சேர், வழக்கமான செட்டப்தான். பாட்டு போடற வேலை என் தலையில. கேக் வெட்டற நேரத்துல எல்லாரும் அந்த நாலு வரி ஹேப்பி பர்த்டே டு யூவுக்கு கைதட்ட ரெடியா நிக்கறாங்க, நான் வேணும்னே ஸ்டீவி வொண்டரோட 'ஹேப்பி பர்த்டே'வ ப்ளூடூத் ஸ்பீக்கர்ல போட்டு விட்டேன். பசங்களுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல, பீட்டு வந்ததும் குதிக்க ஆரம்பிச்சுட்டாங்க. சித்தப்பாதான் சமோசாவ பாதி கடிச்சபடி பக்கத்துல வந்து, "ஏன்டா, இவன் பாட்டுக்கு என்னமோ சொல்லிட்டே போறான், எப்பதான் ஹேப்பி பர்த்டேக்கு வருவான்"னு கேட்டாரு.

"இது லீவு கேட்டு எழுதின பாட்டு சித்தப்பா."

"லீவா? என்ன லீவு?"

சித்தப்பா சென்ட்ரல் கவர்மெண்ட்ல முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ் போட்டு ரிட்டயர் ஆனவரு, லீவுங்கற வார்த்தை காதுல விழுந்தா தூக்கத்துலயும் முழிச்சுக்குவாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அக்கா கேக் கத்தி எங்கடான்னு கத்த, நான் அதத் தேடி ஓட, பேச்சு அங்கயே அந்துபோச்சு. அப்ப சொல்லாம விட்டதத்தான் இங்க எழுதறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கங்க.

எனக்கும் ரொம்ப வருஷமா ஸ்டீவி வொண்டர்னா 'ஐ ஜஸ்ட் கால்ட் டு சே ஐ லவ் யூ' மட்டும்தான். நான் மொதமொதல்ல வேலைக்கு சேந்த எடத்துல கஸ்டமர ஹோல்டுல போட்டா அந்த ட்யூன்தான் ஓடும், அந்தப் பக்கம் ஆளு கொதிச்சுகிட்டு இருப்பாரு, அவரு காதுல நான் சும்மா உன்ன லவ் பண்றேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்னு மெட்டு போயிட்டு இருக்கும். அதனாலயே அந்த ஆளப் பத்தி ஒரு எளக்காரம் எனக்கு இருந்துச்சு. நல்ல பாடகர், கண்ணு தெரியாதவரு, தலைய ஆட்டி ஆட்டி சிரிச்சுகிட்டே பியானோ வாசிப்பாரு, வாழ்த்து அட்டைக்கு எழுதற மாதிரி பாட்டு எழுதுவாரு, அவ்ளோதான்னு நெனச்சுட்டு இருந்தேன். அவரோட 70கள் ஆல்பங்கள ஒரு ஃப்ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணிக் குடுத்தப்புறம்தான் அந்த எளக்காரம் போச்சு.

ஆள் யாருன்னு வேகமா சொல்லிடறேன். 1950ல மிச்சிகன்ல சாகினாங்கற ஊர்ல கொறைமாசத்துல பொறந்த கொழந்த, இன்குபேட்டர்ல ஆக்சிஜன் அதிகமாப் போயி கண்ணு போச்சு. சின்ன வயசுலயே டெட்ராய்ட்டுக்கு குடும்பம் மாறுது, 11 வயசுல மோட்டவுன்ங்கற ரெக்கார்டு கம்பெனில எடுத்துக்கறாங்க, 1963ல 13 வயசுல அமெரிக்காவுல நம்பர் ஒன் பாட்டு. மோட்டவுன நடத்துன பெர்ரி கோர்டி அதுக்கு முன்னாடி கார் தொழிற்சாலைல அசெம்பிளி லைன்ல வேல பாத்தவரு, பாட்டையும் அதே மாதிரிதான் பண்ணினாரு, எழுதறவங்க தனி, வாசிக்கறவங்க தனி, பாடறவங்க வந்து பாடிட்டுப் போகணும். கறுப்பர் பாட்டை வெள்ளைக்கார வீட்டுப் பசங்களும் காசு குடுத்து வாங்கணும், அதான் வியாபாரக் கணக்கு. அந்தக் கணக்குல அரசியலுக்கு எடமில்ல. அதே கம்பெனியோட பெரிய பாடகர் மார்வின் கேயே 'வாட்ஸ் கோயிங் ஆன்'ங்கற அரசியல் பாட்டு வெளிய வர சண்டை போட வேண்டியிருந்துச்சு. ஸ்டீவி 16 வயசுல பாப் டிலனோட 'ப்ளோயிங் இன் த விண்ட்'ட பாடி ஹிட்டாக்கினாரு, ஆனா அது அடுத்தவர் பாட்டு. 1971ல 21 வயசு முடியுது, சின்னப் பையனா இருந்தப்ப போட்ட கான்ட்ராக்டும் முடியுது. உடனே கையெழுத்து போடல. புதுசா பேரம் பேசி, என் பாட்டு என்ன சொல்லணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்னு எழுதி வாங்கிகிட்டாரு. அதுக்கப்புறம் வந்த அஞ்சு வருஷம்தான் எல்லாரும் இன்னிக்கு வரைக்கும் பேசற அஞ்சு வருஷம்.

1972 'டாக்கிங் புக்' ஆல்பத்துல 'பிக் பிரதர்'னு ஒரு பாட்டு, தூங்க வைக்கற மாதிரி மெதுவா, ஹார்மோனிகாவோட போகும். வார்த்தைய கவனிச்சா, நான் சேரில இருக்கேன், நீ எலெக்‌ஷன் டைம்ல மட்டும் எட்டிப் பாக்கறேங்கறாரு. அரசியல்வாதிய இதவிட சாதாரணமா திட்ட முடியாது, கோவமே இல்லாம, வீட்டு வாசப்படில உக்காந்து பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போயிடறாரு. நான் அந்தப் பாட்ட ரெண்டு மாசம் லவ் சாங்னு நெனச்சு கேட்டுட்டு இருந்தேன், இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, அவர் வேலையே அதுதான்.

அடுத்த வருஷம் 'இன்னர்விஷன்ஸ்'. அதுல 'லிவிங் ஃபார் த சிட்டி'. இத ஒருதடவையாவது ஹெட்போன் போட்டு, வேற வேல எதுவும் பாக்காம, ஏழு நிமிஷத்துக்கு மேல ஓடற முழுசையும் கேக்கணும். ரேடியோவுக்கு வெட்டின வெர்ஷன்ல நடுவுல இருக்கற நாடகத்த தூக்கிட்டாங்க, அத கேட்டா பாதிக் கதைதான். மிசிசிபில ஒரு கறுப்பர் குடும்பம். அப்பா சில நாள் 14 மணி நேரம் ஒழைக்கறாரு, கைல வர்றது ஒரு டாலர்கூட தேறாது. அம்மா வீடு வீடா தரை தொடைக்கறாங்க. தங்கச்சி போடற துணி பழசு ஆனா அழுக்கா இருந்ததே இல்லன்னு ஒரு எடத்துல வரும், அந்த 'ஆனா அழுக்கில்ல'ல அந்த அம்மாவோட மொத்த கௌரவமும் தெரியும். அண்ணன் கெட்டிக்காரன், பொறுமைசாலி, வேலைதான் கெடைக்கல, ஏன்னா அந்த ஊர்ல கறுப்பு ஆளுங்கள வேலைக்கு வெச்சுக்கறதில்ல. இவ்ளோத்தையும் சொல்றப்ப பாட்டு நல்லா தலையாட்ட வைக்குது, கீபோர்டு, ட்ரம்ஸ், சிந்தசைசர் பேஸ் எல்லாமே அவரே வாசிச்சது.

அப்பறம் திடீர்னு பாட்டு வெலகிடும். பஸ் சத்தம். ஒரு பையன் நியூயார்க்ல எறங்கறான், அடேயப்பா, நான் நெனச்ச மாதிரியே இருக்கே, வானத்த தொடற பில்டிங் எல்லாம்னு வாயப் பொளக்கறான். அந்தக் கொரல் ஸ்டீவியோட அண்ணன் கேல்வினோடது. யாரோ ஒருத்தன் கூப்பிட்டு இத கொஞ்சம் புடி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் குடுங்கறான். சைரன். நான் என்ன பண்ணேன்னு பையன் கத்தறான். அடுத்த நிமிஷம் கோர்ட்டு, ஜட்ஜு பத்து வருஷம்ங்கறாரு. சிறைக் கதவு சாத்தற சத்தத்தோட காவலாளி அவன உள்ள தள்ளி ஒரு வார்த்தை சொல்றான், நம்ம ஊர்ல சாதிப் பேரச் சொல்லி திட்டுவாங்களே அந்த மாதிரி வார்த்தை. பஸ்ஸ விட்டு எறங்கினதுல இருந்து செல்லுக்குள்ள போற வரைக்கும் ஒரு நிமிஷம் சொச்சம்தான். கேக்கறவனுக்கு மூச்சு வாங்கறதுக்குள்ள அவன் வாழ்க்கை முடிஞ்சுருது, வேகமா நடக்குது, அவ்ளோ வேகமாத்தான் நெஜத்துலயும் நடக்கும் போலன்னு தோணும்.

அதுக்கப்புறம் பாட்டு திரும்ப வருது, ஆனா கொரல் வேற. கரகரன்னு, கிழிஞ்ச மாதிரி. மொதல்ல இது வேற யாரோன்னு நெனச்சேன். அவரோட ரெக்கார்டிங் பண்ணின மால்கம் செசிலும் ராபர்ட் மார்குலெஃபும் வேணும்னே டேப்ப நிறுத்தி நிறுத்தி, திரும்பப் பாடு திரும்பப் பாடுன்னு அவர எரிச்சல் ஏத்திதான் அந்தக் கொரல வர வெச்சாங்களாம். நல்லவேளை அவங்க மரியாதையா நடந்துக்கல. அந்தப் பையன் வெளிய வந்துட்டான், முடி வளந்து கெடக்கு, கால் வெடிச்சு கெடக்கு, நியூயார்க் தெருவுல நடந்துகிட்டே இருக்கான், ஓட்டு போட்டுப் பாத்தான், அதுலயும் தீர்வு இல்ல. கடைசியா ஸ்டீவி நேரா நம்மகிட்ட திரும்பி, என் கொரல்ல இருக்கற துக்கம் உனக்கு கேக்குதான்னு கேக்கற மாதிரி முடிப்பாரு. அந்த எடத்துல எனக்கு எப்பவும் வால்யூம கொறைக்கத் தோணும், கொறைக்கறதில்ல.

ஆல்பம் வந்தது 1973 ஆகஸ்ட் 3. மூணே நாள்ல, ஆகஸ்ட் 6, நார்த் கரோலினால அவர் போன கார் மரத்தடி ஏத்திட்டுப் போன லாரில மோதி கோமால கெடந்தாரு. கூட வேல பாத்த ஐரா டக்கர் 'ஹையர் கிரவுண்ட்' பாட்ட அவர் காதுல பாட, விரல் மெதுவா தாளம் போட ஆரம்பிச்சுதாம். சினிமால வெச்சா நம்ப மாட்டோம்.

1974ல அப்ப அமெரிக்க ஜனாதிபதியா இருந்த நிக்ஸன திட்டி 'யூ ஹேவண்ட் டன் நத்திங்'. வாட்டர்கேட் ஊழல் நாத்தம் ஊரெல்லாம் அடிச்ச நேரம், ஆகஸ்ட்ல பாட்டு வெளியான அதே வாரத்துலயே அந்தாளு ராஜினாமா பண்ணிட்டாரு. கோரஸ்ல ஜாக்சன் ஃபைவ், அதாவது சின்னப் பையன் மைக்கேல் ஜாக்சனும் சேந்து, டூ டூ வாப்னு பாடறாங்க. நீ வாய்ல பேசினதத் தவிர ஒண்ணும் கிழிக்கலன்னு ஜனாதிபதியப் பாத்து சொல்ற பாட்டு நவம்பர்ல நம்பர் ஒன். டான்ஸ் ஃப்ளோர்ல ஆடிட்டே திட்டியிருக்காங்க மொத்த ஊரும்.

1976 'சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்'ல 'வில்லேஜ் கெட்டோ லேண்ட்'. யமஹா ஜிஎக்ஸ்-1னு அப்ப வந்த ஒரு ராட்சச சிந்தசைசர்ல வயலின் கோஷ்டி மாதிரி வாசிச்சிருப்பாரு, ராஜா வீட்டு விருந்துல வாசிக்கற மாதிரி அவ்ளோ நாசூக்கு. அந்த நாசூக்கு மேல, குடும்பங்கள் நாய்த் தீனி வாங்கித் திங்குது, கொழந்தைங்க பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப் போகுதுன்னு பாடிட்டே போவாரு. ட்ரம்ஸ் கெடையாது, கத்தல் கெடையாது. மொத தடவ கேக்கறப்ப இந்த மியூசிக்கும் இந்த வார்த்தையும் ஒட்டலையேன்னு இருக்கும், ஒட்டக்கூடாதுன்னுதான் அப்படி போட்டிருக்காரு. அதே ஆல்பத்துலதான் 'பாஸ்டைம் பாரடைஸ்', அந்த மெட்டத்தான் 1995ல ராப் பாடகர் கூலியோ எடுத்து 'கேங்ஸ்டாஸ் பாரடைஸ்' ஆக்கினாரு, கெட்ட வார்த்தை எதுவும் வரக்கூடாதுங்கற கண்டிஷன்லதான் ஸ்டீவி பர்மிஷன் குடுத்தாராம்.

எல்லாமே அற்புதம்னு சொல்ல வரல. அந்த ஆல்பத்துலயே 'பிளாக் மேன்'னு எட்டு நிமிஷத்துக்கு மேல ஒரு பாட்டு இருக்கு, அமெரிக்காவ எல்லா நெறத்துக்காரங்களும் சேந்துதான் கட்டினாங்கன்னு பேர் பேரா அடுக்குவாரு, கடைசில டீச்சர் கேள்வி கேக்க பசங்க கத்தி பதில் சொல்ற மாதிரி முடியும். நோக்கம் தங்கம், க்ரூவும் பிரமாதம், ஆனா எனக்கு ஜிகே பரீட்சைக்கு படிக்கற ஃபீலிங்தான் வரும். 1985ல தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சிக்கு எதிரா எழுதின 'இட்ஸ் ராங்' இன்னும் மோசம், அது தப்பு அது தப்புன்னு சொல்லிட்டே இருக்காரு, தப்புதான், அத மிசிசிபிப் பையன் மாதிரி ஒரு ஆள வெச்சு காட்டியிருந்தா நானும் உள்ள போயிருப்பேன்.

இப்ப சித்தப்பா கேட்ட லீவுக்கு வருவோம்.

கறுப்பர் உரிமைக்காகப் போராடின மார்ட்டின் லூதர் கிங்க சுட்டது 1968 ஏப்ரல் 4. ஸ்டீவிக்கு அப்ப 17 வயசு. நாலே நாள்ல, கிங் பொறந்த ஜனவரி 15அ தேசிய விடுமுறையா அறிவிக்கணும்னு பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் மசோதா கொண்டு வராரு, அவரும் டெட்ராய்ட்காரர்தான். அப்ப கொண்டு வந்தது பதினோரு வருஷம் இழுத்துச்சு. 1979ல ஒருவழியா பிரதிநிதிகள் சபைல ஓட்டுக்கு வந்து, மூணுல ரெண்டு பங்கு வேணும்ங்கற முறைல, வெறும் அஞ்சு ஓட்டுல தோத்துச்சு. எதிர்த்தவங்க சொன்ன காரணத்த கேளுங்க, கவர்மெண்ட் ஆளுங்களுக்கு சம்பளத்தோட இன்னொரு நாள் லீவு குடுத்தா செலவாகுமாம், அதுவும் எந்தப் பதவிலயும் இல்லாத தனி மனுஷன் பேர்ல லீவு விடற பழக்கம் இல்லையாம்.

அடுத்த வருஷம் 1980ல 'ஹாட்டர் தான் ஜூலை' ஆல்பம், அதோட கடைசிப் பாட்டு 'ஹேப்பி பர்த்டே'. ரெக்கார்டு உறைக்குள்ள கிங்கோட படம், இந்த லீவுக்கு ஆதரவு குடுங்கன்னு ஸ்டீவி எழுதின குறிப்பு. சித்தப்பா என்னமோ சொல்லிட்டே போறான்னாரே, அந்த என்னமோதான் விஷயம், நல்லதுக்காக செத்துப்போன ஒரு மனுஷனுக்கு வருஷத்துல ஒரு நாள் ஒதுக்க ஏன் முடியலன்னு எனக்கு வெளங்கவே இல்லன்னு ஆரம்பிச்சு, வக்கீல் மாதிரி பாயிண்ட் பாயிண்டா கேப்பாரு, ஒவ்வொரு வாதம் முடிஞ்சதும் ஹேப்பி பர்த்டே டு யான்னு கோரஸ் வந்துரும். கேக்கறது அநியாயம் ஒழிக மாதிரி பொதுவா இல்ல, ஒரு மசோதா, ஒரு தேதி, எழுதிக் குடுங்க அவ்ளோதான். எனக்கு இந்த ஆள்கிட்ட ரொம்பப் புடிச்சதே அதுதான். மெட்ட பர்த்டே பாட்டா வெச்சது இன்னும் பெரிய கில்லாடித்தனம், எந்த வீட்ல கேக் வெட்டினாலும் அந்த மனு திரும்ப ஒருதடவ வாசிக்கப்படும், எங்க மொட்டமாடி வரைக்கும் வந்துச்சு பாருங்க.

பாட்டு போட்டுட்டு வீட்ல உக்காரல. 1981 ஜனவரி 15 அன்னிக்கு, நடுங்கற குளிர்ல, வாஷிங்டன்ல ஊர்வலம் கூட்டினாரு, கூட பாடகர் கில் ஸ்காட்-ஹெரன், மேடைல மொத்தக் கூட்டமும் இந்தப் பாட்ட பாடுது. கிங்கோட மனைவி கொரெட்டா ஸ்காட் கிங்கும் ஸ்டீவியும் சேந்து 60 லட்சம் கையெழுத்த அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்ல கொண்டுபோய்க் குடுத்தாங்க. செனட்ல ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ்னு ஒருத்தரு, கிங்குக்கு கம்யூனிஸ்ட் தொடர்புன்னு கட்டுக்கட்டா பேப்பர தூக்கிட்டு வந்து மறிச்சுப் பாத்தாரு, நடக்கல, 78க்கு 22ல பாஸ். மொதல்ல விருப்பமே இல்லாத ஜனாதிபதி ரீகன்தான் 1983 நவம்பர் 2 கையெழுத்து போட்டாரு. மொத லீவு 1986 ஜனவரி. அப்பவும் சில மாகாணங்க முரண்டு புடிச்சுது, அதுல அரிசோனா அந்த லீவ ஏத்துக்கற வரைக்கும் அங்க பாட மாட்டேன்னுட்டாரு ஸ்டீவி, 1993ல நடக்க வேண்டிய சூப்பர் பவுல்ங்கற அமெரிக்க ஃபுட்பால் ஃபைனல் மேட்சயே அங்கிருந்து கலிஃபோர்னியாவுக்கு மாத்திட்டாங்க, 1992ல ஜனங்க ஓட்டுப் போட்டு வழிக்கு வந்தாங்க.

இன்னொண்ணு சொல்லாம முடிக்க மனசு வரல. நான் எளக்காரம் பண்ணின அந்த ஹோல்டு ட்யூன். 1985 மார்ச்ல அதுக்கு ஆஸ்கர் குடுத்தாங்க. ஒரு மாசம் முன்னாடிதான், பிப்ரவரி 14 அன்னிக்கு, வாஷிங்டன்ல தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்கு வெளிய போராடி கைதாகியிருந்தாரு மனுஷன். ஆஸ்கர் மேடைல ஏறி, இந்த விருத நெல்சன் மண்டேலா பேர்ல வாங்கிக்கறேன்னு சொன்னாரு. மண்டேலா அப்ப ஜெயில்ல. மறுநாளே தென்னாப்பிரிக்க அரசு ரேடியோல ஸ்டீவி பாட்டு மொத்தத்துக்கும் தடை. என்ன தடை பண்றதால அங்க ஜனங்களுக்கு விடுதலை கெடைக்கும்னா எத்தன தடவ வேணா பண்ணுங்கன்னுட்டாரு. மிசிசிபிப் பையன் கதைய ஏழு நிமிஷம் தொண்டை கிழியப் பாடினப்ப வராத தடை, நான் சும்மா உன்ன லவ் பண்றேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்ங்கற பாட்டுக்குக் கெடைச்ச விருதால வந்துச்சு. இத படிச்ச அன்னிக்கு நான் ஹோல்டுல போட்ட கஸ்டமர்களயெல்லாம் நெனச்சுகிட்டேன்.

இதெல்லாத்தையும் அன்னிக்கு ராத்திரி, பந்தி முடிஞ்சு சேர் அடுக்கற நேரத்துல, சித்தப்பாகிட்ட சொன்னேன். பீடாவ மென்னுகிட்டே கடைசி வரைக்கும் குறுக்க பேசாம கேட்டாரு, எனக்கே ஆச்சரியம். நடுவுல ஒருதடவ மட்டும், அந்த கோர்ட்டு சீன் வந்தப்ப, பத்து வருஷமான்னு கேட்டாரு. எல்லாம் முடிஞ்சதும் கொஞ்ச நேரம் தெருவ பாத்துட்டு,

"ஜனவரி 15ன்னா பொங்கல் டயமாச்சே. வருஷா வருஷம் 15ஏதானா?"

"இல்ல சித்தப்பா, ஜனவரி மூணாவது திங்கக்கிழமை."

"வேணும்கறவங்க எடுத்துக்கற ஆர்ஹெச்சா, எல்லாருக்கும் விடற கெஜட்டடா?"

"அங்க சென்ட்ரல் கவர்மெண்ட் ஆளுங்க எல்லாருக்கும்தான் சித்தப்பா. சம்பளத்தோட."

"திங்கக்கிழமை, சம்பளத்தோட"ன்னு தனக்குள்ள ஒருதடவ சொல்லிப் பாத்துகிட்டு, "கண்ணு தெரியாத ஆளுன்னியே, அந்தப் பாட்ட இன்னொரு தடவ போடு"ன்னாரு. ஸ்பீக்கர்ல சார்ஜ் இல்ல, ஃபோன்லயே போட்டேன்.